ஒரே கொட்டிலில் இரண்டு பருவம்

வெண்பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள். அவ்வளவு நாள் சுமந்து ஈன்ற குட்டிகளில் சில, முதல் இரண்டு மூன்று நாளுக்குள் தாயின் உடம்புக்கடியிலேயே நசுங்கிச் சாகின்றன. தாயை நொந்து பயனில்லை. அதன் எடை 200 கிலோவைத் தொடும். குட்டியோ ஒன்றேகால் கிலோ. குளிருக்கு மடியை ஒட்டிக் கிடக்கும் குட்டி, தாய் எழுந்து மறுபடி படுக்கையில் அகப்பட்டுக்கொள்கிறது.

ராமநாதபுரத்து வெயிலில் குளிரா? பிறந்த குட்டிக்கு 32 முதல் 35 டிகிரி வெப்பம் வேண்டும். தாய்க்கு 20 டிகிரியை ஒட்டி இருந்தால் சுகம். மார்கழி வாடையில் ஈரத்தோடு பிறக்கும் குட்டி விறைத்துப்போகும். சித்திரையிலோ தாய் மூச்சிரைத்துத் தீனியைத் தள்ளும், பால் வற்றும். தாய்க்குக் குளிர்ச்சி, குட்டிக்குக் கதகதப்பு என இரண்டையும் ஒரே அறைக்குள் அமைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கொட்டிலைக் கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டினால் வெயில் உள்ளே இறங்காது. பனையோலைக் கூரை இந்த மாவட்டத்துக்குப் பொருத்தமானது. ஈனும் அறைக்கு 7 முதல் 9 சதுர மீட்டர் நிழலிடம் போதும். சுவரிலிருந்து ஒரு சாண், தரையிலிருந்து ஒரு சாண், அதாவது 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி, சுற்றிலும் தடுப்புச் சட்டம் பொருத்த வேண்டும். தாய் சுவரோரம் சரிந்தாலும் சட்டத்துக்குப் பின்னால் குட்டி பிழைத்துக்கொள்ளும். உப்புக் காற்றில் இரும்புக் குழாய் சீக்கிரம் துருப்பிடிக்கும். வைரம் பாய்ந்த பனங்கை நெடுநாள் நிற்கும்.

ஒரு மூலையில் குட்டி மட்டும் நுழையும் அளவுக்கு வழிவிட்டு அடைப்பு வையுங்கள். கீழே வைக்கோலும் சாக்கும், மேலே கம்பிக்கூடு போட்ட குண்டு பல்பும் வேண்டும். கூரை ஓலை என்பதால் பல்பு ஓலையையும் வைக்கோலையும் தொடக்கூடாது. கோடையில் தாயின் பிடரியில் மட்டும் சொட்டுநீர் விழும்படி குழாய் விடலாம். குட்டி மூலை நனையக்கூடாது.

சினையின் 107ஆம் நாளில் தாயைக் குளிப்பாட்டி, கழுவிச் சுண்ணாம்படித்துக் காயவைத்த அறைக்கு மாற்ற வேண்டும். வைக்கோலை வாயில் கவ்விக் கூடு கட்டத் தொடங்கினால் ஒரு நாளுக்குள் ஈனும். காம்பைப் பிதுக்கிப் பால் வந்தாலும் அப்படித்தான். அன்றிரவு ஆள் இருப்பது அவசியம்.

குட்டிகள் பெரும்பாலும் கால் மணி, அரை மணி இடைவெளியில் வரும். ஒரு மணி நேரம் தாண்டியும் தாய் வீணாக முக்கினால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மூக்கையும் வாயையும் துடைத்து, தொப்புள்கொடியில் அயோடின் தடவி, உடனே சீம்பால் குடிக்க விடுங்கள். நோஞ்சான் குட்டியை முன்காம்புக்கு விடலாம். பால் அங்கே அதிகம். வயிறு நிறைந்ததும் அடைப்புக்குள் விட்டுப் பழக்க வேண்டும். பன்றிப்பாலில் இரும்புச்சத்து குறைவு என்பதால் மூன்றாம் நாள் இரும்பு ஊசி தவறக்கூடாது.

தாயைத் திரும்பவிடாத இரும்புக் கூண்டு நசுங்குவதைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனாலும் ஸ்வீடன், நார்வே, சுவிட்சர்லாந்து ஆகியவை அதில் அடைத்துவைப்பதைச் சட்டத்தால் தடுத்துவிட்டன. நம் கடற்கரை வெக்கைக்கும் அது ஒத்துவராது. சூடு தாளாத தாய் நகர்ந்து படுக்க இடம் வேண்டும்.

கொட்டிலுக்குச் செங்கல் இறக்கும் முன்பே ராமநாதபுரத்திலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.