போர்வை பட்டாலே வலிக்கும் கால்

கொடைக்கானல் மலையில், பண்ணைக்காட்டில் ஒரு மார்கழி இரவு. மணி இரண்டரை இருக்கும். வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டு எரிவதுபோல் வலித்து விழித்துக்கொண்டேன். மேலே கிடந்த கம்பளி விரலில் உரசுவதைக்கூடத் தாங்க முடியவில்லை. சுளுக்கு என்று நினைத்து நீலகிரித் தைலம் தேய்த்தேன், நீவிவிட்டேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். விடியும்போது விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. மருந்துக் கடையில் வாயுப் பிடிப்பு என்று சொல்லி ஏதோ மாத்திரை கொடுத்தார்கள். நாலைந்து நாளில் வலி தானாகப் போனது, நானும் மறந்துபோனேன். அதன் பெயர் கவுட் என்று தெரிவதற்குள் இன்னும் இரண்டு தடவை வந்துவிட்டது.

அன்றைக்கு நான் செய்ததில் பெரிய தவறு தைலமோ ஒத்தடமோ அல்ல. வலி போனதும் மறந்துபோனதுதான். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான் அதிகம் பேசும்.

முதலில் பெயர்க் குழப்பம் தீரட்டும். கீல்வாதம் என்று தமிழில் எல்லா மூட்டுவலியையும் சொல்லிவிடுகிறோம். வயதானால் வரும் முழங்கால் தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு, இது வேறு. ஊரில் ‘எனக்கு யூரிக் ஆசிட் இருக்கு’ என்கிறார்களே, அதுதான் இது. யூரிக் ஆசிட் எல்லோருடைய ரத்தத்திலும் இருக்கிறது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரைந்து நிற்க முடியாமல் ஊசி ஊசியான படிகங்களாய்ப் படிய ஆரம்பிக்கும். சர்க்கரைப் பாகு ஆற ஆறக் கற்கண்டு கட்டுகிறதல்லவா, அதே கணக்கு. சூடு குறைந்தால் கரையும் அளவும் குறையும். உடம்பிலேயே குளிர்ந்த இடங்களில் ஒன்று கால் விரல் நுனிப்பக்கம். அதனால்தான் முதல் அடி பெரும்பாலும் கட்டைவிரலில், அதுவும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில். சுமார் 7,000 அடி உயரத்தில், தை மாதத்தில் புல்லில் உறைபனி பூக்கிற கொடைக்கானலில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை ஞாபகம் வைத்திருப்பது நல்லது.

வலி வந்த இரவு

நீவக் கூடாது. சுளுக்கெடுப்பவரிடம் போகவே கூடாது. காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். போர்வை விரலில் படாமல் இருக்க ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் காலுக்கு மேல் கூடாரம் மாதிரி வைத்து, போர்வையை அதன் மேல் போட்டுக்கொள்ளலாம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் தூக்கம் வரும்.

அடுத்து பனிக்கட்டி. மலையில் யாரிடம் சொன்னாலும் முறைப்பார்கள்: இந்தக் குளிரில் ஐஸா? ஆமாம். துணியில் சுற்றி இருபது நிமிடம், பிறகு இடைவெளி, பிறகு மறுபடி. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இரவு வெளியே வைத்த தண்ணீரில் துணியை நனைத்துப் போட்டாலே போதும். குளிர்தான் படிகத்தைக் கட்டுகிறது என்று இப்போதுதானே சொன்னேன், பிறகு எப்படி ஐஸ் என்று கேட்கலாம். இந்த நேரத்தில் வலிப்பது படிகத்தால் மட்டும் அல்ல. அதைப் பகைவன் என்று நினைத்து உடம்பு மூட்டுகிற தீயாலும்தான் வலிக்கிறது. ஐஸ் அணைப்பது அந்தத் தீயை. ஆகவே வலி இல்லாத நாளில் காலுறை, வலி வந்த நாளில் ஐஸ்.

மாத்திரை சீக்கிரம் போக வேண்டும், முடிந்தால் முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு விழுங்கினால் பயன் குறைந்துபோகும். மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை போன்ற மலைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு இது எளிதில்லை. நள்ளிரவில் வண்டி கிடைக்காது, மழைக்காலத்தில் மரம் விழுந்து மலைப்பாதை அடைபட்டால் பகலிலும் கிடைக்காது. ஒரு தடவை கவுட் என்று உறுதியானவர்கள், அடுத்த தடவைக்கு என்ன மாத்திரை, எத்தனை என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி, வீட்டிலேயே கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

எது கொடுப்பார்கள்? மூன்று வழிகள். சிறுநீரகமும் வயிறும் இதயமும் நன்றாக இருப்பவர்களுக்கு நாப்ராக்சன், எடோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகள். அவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சில நாள் பிரட்னிசோலோன். இது ஸ்டீராய்டு, சர்க்கரை ஏறும், சர்க்கரைக்காரர்கள் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது கோல்சிசின். நம் வட்டாரத்துக்கு அதனோடு ஓர் உறவு இருப்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் அதற்கு முன்னால். மூட்டு வீங்கிச் சிவந்து, கூடவே காய்ச்சலும் குளிர் நடுக்கமும் இருந்தால், மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அப்போது வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூட்டு நீரை ஊசியில் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் எது என்று நிச்சயமாகத் தெரியும்.

மலையடிவாரத்துப் பூ

கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கி ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் போனால் வேலி வேலியாய்ச் செங்காந்தள் பூத்திருக்கும். தீ நாக்குப்போல் மேல்நோக்கி வளைந்த இதழ்கள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ, முருகனுக்கு உகந்த பூ. சம்சாரிகள் அதைக் கண்வலி என்றும் கண்வலிக் கிழங்கு என்றும்தான் சொல்வார்கள். கம்பிப் பந்தலில் கொடியை ஏற்றி, காலையில் பூப்பூவாய்க் கையால் மகரந்தம் சேர்த்துக் காயாக்குகிறார்கள். பணம் அந்த விதையில் இருக்கிறது. விதையிலிருந்து எடுப்பதுதான் கோல்சிசின். உலகத்தில் எங்கோ ஒருவர் கட்டைவிரல் வலிக்கு விழுங்கும் மாத்திரை ஒட்டன்சத்திரத்து நிலத்திலிருந்து புறப்பட்டதாக இருக்கலாம்.

‘அப்படியானால் கிழங்கையே தின்றால் என்ன?’ என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. செத்துப்போவீர்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை, இந்தக் கிழங்கைத் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நினைத்துத் தின்றவர்களும் அதில் உண்டு. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் மிகக் குறுகிய இடைவெளி உள்ள சரக்கு இது. கஷாயம், பொடி, அரைத்துப் பூசுவது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மாத்திரையிலும் அதே எச்சரிக்கை பொருந்தும். முன்பெல்லாம் வலி நிற்கும்வரை அல்லது வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கும்வரை மணிக்கொரு மாத்திரை கொடுப்பார்கள். அது பழைய கதை. இப்போது வழக்கமான அளவு முதலில் 1 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.5 மில்லிகிராம், அன்றைக்கு அவ்வளவுதான். நம் கடைகளில் 0.5 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கிறது. மறுநாளிலிருந்து எத்தனை என்பதை டாக்டர் சொல்வார். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த அளவே கூடுதல். சளிக்கும் தொண்டைக்கும் கொடுக்கும் கிளாரித்ரோமைசினோடு சேர்ந்தால் ஆபத்து. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். பேதி வந்தால் உடம்பு போதும் என்கிறது என்று அர்த்தம், நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

வலி போன பிறகு

வலி பத்து நாளில் போய்விடும், ஒன்றும் செய்யாவிட்டாலும் போய்விடும். இந்த நோய் நம்மை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். படிகம் மூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. அடுத்தது ஆறு மாதத்திலோ இரண்டு வருடத்திலோ வரும். பிறகு இடைவெளி குறையும், கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு என்று இடம் மாறும். கவனிக்காமல் விட்டால் காது மடலிலும் முழங்கையிலும் விரல்களிலும் சுண்ணாம்புக் கட்டி போலத் திரளும்.

வலி அடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து ரத்தம் கொடுத்து யூரிக் ஆசிட் பாருங்கள். வலியின் நடுவில் பார்த்தால் அளவு சாதாரணமாகக்கூட வரும், அதைக் கண்டு ஏமாந்தவர்கள் உண்டு. கூடவே கிரியேட்டினின், சர்க்கரை, ரத்த அழுத்தம். பிரஷர் மாத்திரை அட்டையையும் எடுத்துப்போங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை வருகிறது, சந்தோஷம்தான். ஆனால் எந்தப் பிரஷர் மாத்திரை என்பது கவுட் உள்ளவருக்கு முக்கியம். ஹைட்ரோகுளோரோதயசைடு மாதிரி நீர் பிரிக்கும் மாத்திரைகள் யூரிக் ஆசிட்டை ஏற்றும், லோசார்டன் கொஞ்சம் இறக்கும். மாற்றலாமா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்துக்குக் கொடுத்த சின்ன ஆஸ்பிரினும் கொஞ்சம் ஏற்றும், ஆனால் அதை நிறுத்தினால் போவது விரல் அல்ல, உயிர்.

வருடத்துக்கு இரண்டு தடவையோ அதற்கு மேலோ வருகிறது, கட்டி தெரிகிறது, சிறுநீரகத்தில் கல் அல்லது பழுது இருக்கிறது என்றால் தினசரி மாத்திரை வேண்டும். வழக்கமாக அல்லோபியூரினால். ஜெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ் குழு உருவாக்கியது. இருவரும் 1988இல் நோபல் பரிசு பெற்றவர்கள். நாளுக்கு 100 மில்லிகிராமில் ஆரம்பிப்பார்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதற்கும் கீழே. சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, 6க்குக் கீழே இறங்கும்வரை ஏற்றிக்கொண்டே போவார்கள். பலர் 100இலேயே வருடக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். ‘மாத்திரை சாப்பிட்டும் வலி வருதே’ என்பவர்களிடம் கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. உடம்பில் தடிப்போ சொறியோ காய்ச்சலோ வந்தால், முக்கியமாக முதல் இரண்டு மாதத்தில், உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். அசதயோபிரின் சாப்பிடுபவர்கள் அல்லோபியூரினாலைத் தொடவே கூடாது. அல்லோபியூரினால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஃபெபக்சோஸ்டாட் இருக்கிறது. இதய நோயாளிகள் அதை டாக்டரோடு யோசித்து எடுக்க வேண்டும்.

இனி வருவதுதான் பெரும்பாலோர் வழுக்கி விழும் படி. தினசரி மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதங்களில் வலி கூடும். பழைய படிகங்கள் கரைந்து அசையும்போது உடம்பு மறுபடி தீ மூட்டுகிறது. ‘மாத்திரையால்தான் வலி வந்தது’ என்று தூக்கி எறிந்துவிடுகிறோம். நானும் ஒரு தடவை எறிந்தேன். எறியாமல் இருக்கத்தான் ஆரம்பத்தில் மூன்றிலிருந்து ஆறு மாதம்வரை குறைந்த அளவு கோல்சிசினையும் சேர்த்துக் கொடுப்பார்கள். நடுவில் வலி வந்தாலும் அல்லோபியூரினாலை நிறுத்தக் கூடாது. வலிக்கு வேறு மாத்திரை, இது பாட்டுக்கு இது.

தட்டும் டம்ளரும்

கவுட் என்றதும் பருப்பை நிறுத்து, கீரையை நிறுத்து, தக்காளியை நிறுத்து என்று சொந்தக்காரர்கள் பட்டியல் கொண்டுவருவார்கள். காய்கறியிலும் பருப்பிலும் வரும் பியூரின் கவுட்டைக் கூட்டுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. மலைக் காய்களான பட்டர் பீன்ஸ், சௌசௌ, கேரட், பட்டாணி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். குறைக்க வேண்டியது ஆட்டு ஈரல், மூளை, குடல், நெத்திலிக் கருவாடு, மத்தி, வாரம் நாலு நாள் மட்டன். பால், மோர் நல்லது. தாண்டிக்குடிக் காப்பி குடிக்கலாம், காப்பி குடிப்பவர்களிடம் கவுட் குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன, சர்க்கரையை மட்டும் குறையுங்கள். மலைப்பூண்டைப் பாலில் வேகவைத்துச் சாப்பிடுவதில் கெடுதல் இல்லை, மாத்திரைக்குப் பதிலாக என்றால்தான் கெடுதல். பாட்டில் குளிர்பானம் வேண்டாம்.

இருக்கிற மதுவிலேயே பீர்தான் மோசம். சீசனில் மேலே வருபவர்கள் கீழே வெயிலில் வியர்த்து, காரில் தண்ணீர் குடிக்காமல் ஏறி, ராத்திரி கறி சுட்டுப் பீரோடு உட்கார்கிறார்கள். விடியற்காலை ஏரியைச் சுற்றி நடக்கத் திட்டம், நடப்பது வேறு.

இத்தனை பத்தியம் இருந்தாலும் சாப்பாட்டால் மட்டும் அளவு பெரும்பாலும் ஒரு புள்ளிதான் இறங்கும். 9இல் இருப்பவர் 8க்கு வருவார். கவுட் பெரும்பாலும் தின்றதால் வருவதில்லை, சிறுநீரகம் யூரிக் ஆசிட்டைப் போதுமான அளவு வெளியேற்றாததால் வருகிறது. வாயைக் கட்டாதவன் என்று யாரையும் குத்திக்காட்டாதீர்கள்.

குளிரில் தாகம் தெரியாது. அதனால் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பி, கண்ணில் படுகிற இடத்தில் வைத்து, நாளுக்கு இரண்டு லிட்டர் என்று கணக்காகக் குடியுங்கள். இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்கள் டாக்டர் சொன்ன அளவு. படுக்கும்போது தளர்வான கம்பளிக் காலுறை.

பழனிக்கு நடப்பவர்களுக்கு

தைப்பூசப் பாதயாத்திரை கவுட்டுக்கு விருந்து வைத்த மாதிரி: நாள்கணக்கில் நடை, காலில் அடி, விரதம், வியர்வை, குறைந்த தண்ணீர். போகத்தான் வேண்டும் என்றால் தினசரி மாத்திரையை ஒரு நாள்கூட விடாதீர்கள். பட்டினி கிடக்காதீர்கள், பட்டினியும் யூரிக் ஆசிட்டை ஏற்றும். மோர்ப் பந்தல் ஒன்றையும் தாண்டாதீர்கள். அவசர மாத்திரை பையில் இருக்கட்டும். அடிவாரத்தில் விரல் முணுமுணுக்க ஆரம்பித்தால் 693 படியையும் ஏறியே தீருவேன் என்று நிற்காமல் விஞ்சிலோ ரோப் காரிலோ ஏறிக்கொள்ளுங்கள். பஞ்சாமிர்தம் ஒரு ஸ்பூன் போதும். டப்பாவைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.