ஒரே கொடுவாள்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் உழவர் ஒருவர் காளை வாங்குவதைக் கவனித்தால் அவரது எச்சரிக்கை புரியும். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். அதே உழவர் கடைவீதியில் கொடுவாள் வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து, விலையைக் குறைத்துக் கேட்டு, வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். இரண்டே மாதத்தில் வாய் மடிந்துவிடுகிறது. அல்லது பிடி ஆடத் தொடங்குகிறது. அடுத்த சந்தையில் இன்னொன்று வாங்குகிறார். இப்படி வாங்கி இறவாணத்தில் செருகி வைத்த நான்கு கத்திகளில் ஒன்றுகூட உருப்படியாக இருப்பதில்லை.

இதில் நஷ்டம் பணம் மட்டும் அல்ல. மொக்கைக் கத்தி மரத்தில் பதியாமல் வழுக்கும். வழுக்கிய கத்தி முழங்காலுக்கோ விரலுக்கோ வரும். அறுவடைக் காலத்தில் கையில் காயம் பட்டால் ஒரு பருவத்தின் கூலியே போய்விடும். ஆகவே இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு நான்கு மட்டமான கத்திகளைவிட, சோதித்து வாங்கிய ஒரு நல்ல கொடுவாளே சிக்கனம்.

ஒன்று எதற்கெல்லாம் உதவும்?

கொடுவாள், வெட்டுக்கத்தி, வெட்டரிவாள் என ஊருக்கு ஊர் பெயர் மாறும். கேரளத்தில் வெட்டுக்கத்தி, இலங்கைத் தமிழரிடம் மன்னாக் கத்தி, நேபாளத்தில் குக்ரி என்று இதே வேலைக்கு வெவ்வேறு வடிவங்கள் உண்டு. ஒரே கத்தியைக் கொண்டு பல வேலை செய்ய நினைத்த உழவர்கள் எங்கும் இருந்திருக்கிறார்கள்.

வேலி முள் வெட்டுதல், ஆட்டுக்குத் தழை ஒடித்தல், விறகு பிளத்தல், சோளத்தட்டை நறுக்குதல், கரும்பு வெட்டுதல், மூங்கில் சீவுதல், தென்னை மட்டை கழித்தல், இளநீர் சீவுதல் ஆகிய அனைத்தையும் ஒரு நல்ல கொடுவாள் செய்யும்.

ஆனால் அது செய்யாத வேலைகளும் உண்டு. நெல் அறுக்கப் பல்லுள்ள கருக்கரிவாள்தான் வேண்டும். பெரிய அடிமரம் வீழ்த்தக் கோடரியோ ரம்பமோ வேண்டும். மண் கொத்தவும், ஆணி பிடுங்கவும், கல்லை நெம்பவும் கொடுவாளைப் பயன்படுத்தினால் அன்றே அதன் ஆயுள் முடிந்தது.

மடக்குக் கத்தி இதற்கு ஈடாகாது. மடக்கும் இடத்தில் ஆணி தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். மண்ணும் பாலும் புகுந்து இறுகும். ஓங்கி வெட்டினால் கையின் மேலேயே மடங்கக்கூடும். அலகும் காம்பும் ஒரே இரும்பாக, பிடிக்குள் இறுகப் பதிந்த கத்தியே வெட்டு வேலைக்குத் தகுந்தது.

நிலத்துக்கு ஏற்ற எடை

எல்லா வேலைக்கும் ஒரு கத்தி என்றால், எல்லா வேலையிலும் மிகுதியாகச் செய்யும் வேலை எது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த வேலைக்குப் பொருத்தமாக வாங்கினால் மற்ற வேலைகளுக்கு அது ஒத்துப்போகும்.

மானாவாரியில் மணிலா போட்டு, நாலு ஆடு வைத்திருப்பவருக்குத் தழையும் முள்ளும்தான் தினசரி வேலை. அவருக்கு 500 முதல் 600 கிராம் எடையுள்ள கத்தி போதும். சாத்தனூர் அணைப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் கரும்பு போடுகிறவருக்கு அலகு சற்று அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். ஜவ்வாது மலையில் புதரும் கட்டையும் வெட்டுகிறவருக்கு 700 முதல் 800 கிராம் வரை, முனைப் பக்கம் கனத்த கத்தி உதவும். முனை கனத்தால் வெட்டு ஆழமாக விழும். ஆனால் மணிக்கட்டு சீக்கிரம் சோரும்.

அலகின் நீளம் 10 முதல் 12 அங்குலம் போதும். அதற்கு மேல் நீண்டால் புதருக்குள் வீச இடம் இருக்காது. நுனி உள்பக்கமாகச் சிறிது வளைந்திருப்பது நல்லது. அந்த வளைவு கொடியையும் கிளையையும் இழுத்துப் பிடித்து வெட்ட உதவும். நுனி தரையில் மோதுவதையும் குறைக்கும்.

வீட்டில் கணவன், மனைவி இருவரும் பயன்படுத்தும் கத்தி என்றால் இருவரும் கையில் பிடித்துப் பார்த்தே வாங்க வேண்டும். கையை நீட்டிக் கத்தியைப் பிடித்து ஐம்பது எண்ணும் வரை நிற்க முடியாவிட்டால் அந்தக் கத்தி அந்தக் கைக்குக் கனம் அதிகம்.

இரும்பில்தான் இருக்கிறது எல்லாம்

திருவண்ணாமலைக்கு அருகேயுள்ள கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புத் தாது இருக்கிறது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கியதற்கு அகழாய்வில் சான்றுகள் கிடைத்துள்ளன. ஆனால் இன்று கொல்லர் பட்டறைக்கு வரும் இரும்பு மலையிலிருந்து வருவதில்லை. பழைய இரும்புக் கடையிலிருந்து வருகிறது. அதில்தான் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கின்றன.

இரும்பில் கரிச்சத்து எவ்வளவு என்பதே கத்தியின் தரம். கட்டடக் கம்பி, பட்டை, தகடு போன்ற மெல்லிரும்பில் கரிச்சத்து 100க்கு கால் பங்கு அளவுக்கும் குறைவு. அதை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் கடினம் ஏறாது. லாரி, பஸ்களின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டையில் ஏறக்குறைய அரைப் பங்குக்கு மேல் கரிச்சத்து உண்டு. அது தோய்ச்சலை ஏற்கும். ஆகவேதான் கொல்லர்கள் ஸ்பிரிங் பட்டையை விரும்புகிறார்கள். பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம் என்பதால் அதைப் பார்த்து எடுப்பது கொல்லரின் பொறுப்பு.

பட்டறையில் கத்தியைச் செந்தணலாகக் காய்ச்சித் தோய்க்கும்போது இரும்பு கண்ணாடி போல் கடினமாகிறது. அப்படியே விட்டால் முதல் கட்டையிலேயே வாய் உதிரும். எனவே அதை மறுபடி இளஞ்சூட்டில் காட்டிப் பதம் ஏற்றுகிறார்கள். சுத்தம் செய்த இரும்பின் மேல் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் வரிசையாக ஓடும். வெட்டும் கத்திக்குப் பழுப்பும் ஊதாவும் சந்திக்கும் இடமே நல்ல பதம். நீலம் கடந்துவிட்டால் வாய் மெதுவாகிவிடும். இந்த நிறத்தைப் பார்த்து நிறுத்தும் கொல்லரின் கண்ணுக்குத்தான் உழவர் கூலி கொடுக்கிறார்.

துருப்பிடிக்காத எவர்சில்வர் கத்தி சமையலறைக்குச் சரி. வயலுக்குக் கரி இரும்பே மேல். துருப்பிடிக்கும் என்ற குறை உண்டு; ஆனால் வரப்பில் உட்கார்ந்து ஒரு அரத்தால் தீட்டிக்கொள்ளலாம்; தேய்ந்தால் உள்ளூர்ப் பட்டறையில் காய்ச்சி அடித்துக்கொள்ளலாம்.

காசு கொடுக்குமுன் ஆறு சோதனைகள்

1. முதுகுப் பக்கமாகக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். அலகு கோணலாக இருந்தால் வேண்டாம்.

2. அலகை விரல் நகத்தால் சுண்டிப் பார்க்க வேண்டும். கணீர் என்று கேட்டால் நல்லது. மந்தமான ஓசை வந்தால் கீறலோ தளர்ந்த பிடியோ இருக்கலாம்.

3. வாய் ஓரத்தில் சிறிய அரத்தை லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். ஆணியை ராவுவது போல் எளிதாகப் பிடித்தால் இரும்பு மெது. கண்ணாடியில் போல் வழுக்கி ஓடினால் கடினம் மிகுதி. சிரமப்பட்டுச் சிறிது பிடித்தால் சரியான பதம்.

4. கடைக்காரரின் சம்மதத்துடன் காய்ந்த மூங்கில் கணுவில் பத்து வெட்டு வெட்டி, வாயை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மடிந்திருந்தால் பதம் போதாது. உதிர்ந்திருந்தால் பதம் மிகுதி.

5. முதுகு தடித்து, வாயை நோக்கிச் சீராக மெலிந்து வர வேண்டும். நடுவில் குழி விழச் சாணை பிடித்த கத்தி பார்க்கக் கூர்மையாக இருக்கும்; கட்டையில் வாய் நிற்காது.

6. இடக்கைப் பழக்கம் உள்ளவர் இரு பக்கமும் தீட்டிய கத்தியையே கேட்டு வாங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டிய கத்தி வலக்கைக்காரருக்காகச் செய்தது. இடக்கையில் வெட்டு விலகி ஓடும்.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் போனது. ஆனால் ஊர் பெயர் சொல்லி விற்பதெல்லாம் அந்த ஊர்ச் சரக்கு ஆகாது. முத்திரையை நம்புவதைவிட மூங்கில் கணுவை நம்புவது மேல்.

பிடி

காம்பு பிடிக்குள் பாதியோடு நின்றுவிடக் கூடாது. முழு நீளமும் ஓடி, பின்புறம் மடித்து அறையப்பட்டிருக்க வேண்டும். முன்பக்கம் இரும்புப் பூண் இறுக்கமாக இருத்தல் அவசியம். கருவேலம், புளி, வாகை போன்ற காய்ந்த மரங்கள் பிடிக்கு ஏற்றவை. பச்சை மரத்தில் போட்ட பிடி காய்ந்ததும் சுருங்கி ஆட்டம் கொடுக்கும். வேர்வை படும் கைக்கு வார்னிஷ் பூசிய வழவழப்பான பிடியைவிட எண்ணெய் ஊறிய சாதாரணப் பிடியே நல்லது. பிடியின் கடைசி சற்றுத் தடித்திருந்தால் வீசும்போது கையை விட்டு நழுவாது.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவி, துடைத்து, துளி தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவி வைக்க வேண்டும். புளி, எலுமிச்சை, மாங்காய் வெட்டியதும் உடனே கழுவ வேண்டும். புளிப்பு இரும்பை அரிக்கும். ஏறிய துருவைச் செங்கல் தூள் போட்டுத் தேய்த்து எடுக்கலாம்.

நாள்தோறும் ஐந்து நிமிடம் கல்லில் தீட்டுவது, மாதம் ஒரு முறை சாணை பிடிப்பதைவிடச் சிறந்தது. தண்ணீர் விடாமல் மின் சாணையில் பிடித்தால் வாய் ஓரம் நீலமாகும். நீலமான இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். பழைய பிடியை எரித்து எடுக்கிறேன் என்று கத்தியை அடுப்பில் போடுகிறவர் கொல்லரின் வேலை முழுவதையும் அந்த அடுப்பிலேயே எரித்துவிடுகிறார்.

கரும்பு போடுகிறவர்கள் மேலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். கரும்பின் அடிக்கணுக்களில்தான் சர்க்கரை மிகுதி. ஆகவே தரையோடு ஒட்டி ஒரே வெட்டில் வெட்ட வேண்டும். மொக்கைக் கத்தி கட்டையைப் பிளந்து மறுதாம்பைக் கெடுக்கும். விதைக்கரணையும் பிளக்காமல் நறுக்க வேண்டும். பிளந்த கரணை மண்ணில் அழுகும். அடுத்து, மறுதாம்பைக் குட்டையாக்கும் நோய் ஒரு தூரிலிருந்து இன்னொரு தூருக்குக் கத்தி வழியாகவே பரவும். நோய் கண்ட வயலில் வெட்டிய கத்தியை லைசால் போன்ற கிருமிநாசினிக் கரைசலில் நனைத்த பிறகே அடுத்த வயலுக்குக் கொண்டு போக வேண்டும்.

காயமும் சட்டமும்

கிளை வெட்டும்போது முதலில் அடிப்பக்கம் ஒரு வெட்டு, பிறகு மேற்பக்கம். அப்போதுதான் பட்டை உரியாது. கிளை திடீரென்று முறிந்து மேலே விழாது. வெட்டுகிற திசையில் கால் இருக்கக் கூடாது. பிடித்திருக்கும் இடக்கை வெட்டும் இடத்திலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்க வேண்டும். மின்கம்பி அருகே உள்ள கிளையைத் தொடாமல் மின்வாரிய அலுவலகத்தில் சொல்ல வேண்டும். காயம் பட்டால் மண்ணோ காப்பித் தூளோ வைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் கட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று ரணஜன்னி தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, விவசாய வேலைக்கும் வீட்டு வேலைக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட கருவிகள் ஆயுதம் ஆகா. ஆயினும் கிரிவல நாளிலும் தீப நாளிலும் கூட்டத்துக்குள் திறந்த கத்தியோடு போவது பிறருக்கும் ஆபத்து, தனக்கும் தொல்லை. வாங்கிய கத்தியை வாய் தெரியாமல் சாக்கில் சுற்றிக் கட்டி எடுத்துச் செல்ல வேண்டும். 2021 செப்டம்பரில் காவல் துறை தமிழகம் முழுவதும் சோதனை நடத்தியபோது, கத்தி வாங்குவோரின் பெயர், முகவரியைக் குறித்து வைக்குமாறு பட்டறைக்காரர்களிடம் சொல்லப்பட்டது. கேட்டால் தயங்காமல் கொடுப்பது நல்லது; வாங்கிய ரசீதும் கையில் இருக்கட்டும்.

நல்ல கொடுவாள் தேய்ந்து தேய்ந்து அரை அகலமாகும் வரை உழைக்கும். அதுவரை அதை ஒரே பட்டறையில் காட்டி வருகிறவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. அவர் கை எப்படி வெட்டும், எந்தப் பக்கம் தேயும் என்பது அந்தக் கொல்லருக்குத் தெரிந்துவிடும். அடுத்த கத்தியை அவர் அந்தக் கைக்கென்றே அடித்துக் கொடுப்பார்.