மேகம் நடக்கிறதா, நிற்கிறதா: கட்டளை வரியில் திரையைப் படம் பிடிப்பது

காரைக்காலில் உள்ள வானிலை ராடாரின் படம் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாறிவிடுகிறது. புதுப் படம் வந்ததும் பழையது போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் கோடியக்கரையிலிருந்து படகு தள்ளுகிறவருக்கு அந்த ஒற்றைப் படம் போதாது. வேதாரண்யம் அளத்தில் உப்பைக் குவித்துக் கீற்று போட்டு மூடியிருப்பவருக்கும் அப்படித்தான். மேகம் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஆகாது, அரை மணிக்கு முன்னால் எங்கே இருந்தது என்றும் தெரிய வேண்டும். என் கணினி மையத்துக்கு வரும் பெரியவர் ஒருவர் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்: "தம்பி, மேகம் நடக்குதா, நிக்குதா? அத மட்டும் சொல்லு."

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கட்டளை வரியிலிருந்து திரையைப் படம் பிடிக்கப் பழகினேன். விசைப்பலகையில் பிரின்ட் ஸ்கிரீன் பொத்தான் இருக்கிறதே என்பார்கள். அதை அழுத்த ஒரு ஆள் வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு மையத்தில் யார் இருப்பார்கள்? கட்டளைக்கு ஆள் தேவையில்லை. நேரம் குறித்துக் கொடுத்துவிட்டால் போதும், அது பாட்டுக்குப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. பலத்த காற்று வீசியது. அதற்கு முந்தைய நாள் முழுக்க எல்லார் கையிலும் ராடார் படம் ஓடியது. புயல் போன பிறகு, எந்த மணியில் எங்கே இருந்தது என்று வரிசையாகப் பார்க்க எங்கள் ஊரில் ஒருவரிடமும் படங்கள் இல்லை. பார்த்ததோடு சரி. எனக்கு இந்த வேலையில் அக்கறை வந்தது அதற்குப் பிறகுதான்.

இதற்குப் பெரிய கணினி வேண்டாம். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அப்படி ஒன்று சும்மா கிடந்தது. அதில் டெபியன் லினக்ஸும் எல்எக்ஸ்டிஇ திரைச்சூழலும் நிறுவினேன். ஸ்க்ராட் என்ற சின்னக் கருவியைச் சேர்த்தேன். முனையத்தில் ஸ்க்ராட் என்று தட்டினால் முழுத்திரையும் படமாகிவிடும். பின்னால் ஒரு சிறுகோடும் டி எழுத்தும் 5 என்ற எண்ணும் சேர்த்தால் ஐந்து நொடி பொறுத்துப் பிடிக்கும். டி-க்குப் பதில் யு போட்டால் முன்னால் இருக்கும் ஜன்னலை மட்டும். எஸ் போட்டால் சுட்டியால் நாம் கட்டம் இழுக்கிற இடத்தை மட்டும். ஏ போட்டு நான்கு எண் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் அதே கட்டத்தை வெட்டித் தரும். ராடார் படத்துக்கு இந்தக் கடைசி வகைதான் ஏற்றது. கட்டம் நகராமல் இருந்தால்தான் ஒரு படத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியும்.

கோப்புக்குப் பெயர் வைப்பதை லேசாக நினைக்க வேண்டாம். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்ற வரிசையில் பெயர் இருந்தால் கோப்புறையைத் திறந்ததும் படங்கள் காலவரிசையில் நிற்கும். நாளை முன்னால் போட்டால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஒரே இடத்தில் குவியும். ஸ்க்ராட்டுக்கு விழுக்காட்டுக் குறியோடு எழுத்துகளைக் கொடுத்தால் அதுவே நேரத்தை நிரப்பிக்கொள்ளும்.

இங்கேதான் பலரும் திணறுகிறார்கள். நேரம் குறித்து வேலை வாங்கும் கிரான் என்ற ஏவலன் விழுக்காட்டுக் குறியைப் பார்த்தால் அதோடு கட்டளை முடிந்தது, அடுத்த வரி தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளும். முனையத்தில் அழகாக ஓடிய கட்டளை கிரானில் பாதியிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு குறிக்கும் முன்னால் பின்சாய்கோடு போடலாம். அதைவிட, கட்டளையை ஒரு தனிக் கோப்பில் எழுதி, அந்தக் கோப்பை மட்டும் கிரானிடம் கொடுப்பது நல்லது. பிறகு திருத்துவதும் எளிது.

கிரானுக்கு இன்னொரு விஷயமும் சொல்லித் தர வேண்டும். எந்தத் திரையைப் பிடிப்பது என்று அதற்குத் தானாகத் தெரியாது. நாம் முனையத்தில் உட்கார்ந்திருக்கும்போது டிஸ்ப்ளே என்ற மாறியில் அந்த விவரம் இருக்கும். கிரான் ஓடும்போது இருக்காது. ஆகவே அந்தத் தனிக் கோப்பின் தலையிலேயே டிஸ்ப்ளே மாறிக்கு முக்காற்புள்ளியும் சுழியமும் கொடுத்துவிட வேண்டும். திரை தானாக அணைவதையும் பூட்டிக்கொள்வதையும் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இரவு முழுக்கப் பூட்டின திரையின் படம்தான் சேரும். மூடியை மூடினால் மடிக்கணினி தூங்கும் அமைப்பையும் மாற்றிவிடுங்கள். உலாவியில் பக்கம் தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்பதும் முக்கியம். புதுப்பிக்காத பக்கத்தை எத்தனை முறை பிடித்தாலும் ஒரே மேகம்தான்.

படம் ஒரே கோப்பாக இணையத்தில் இருந்தால் திரையைப் பிடிக்கவே வேண்டாம், டபிள்யூகெட் என்ற கருவி கொண்டு அதை நேரே இறக்கிக்கொள்வதே சுத்தமான வழி. ஆனால் ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை உயர முன்னறிவிப்பு, காற்றுத் திசை போன்றவற்றை வரைபடத்தின் மேல் அடுக்கடுக்காக வைத்துப் பார்க்கும்போது, கண்ணுக்குத் தெரிவது உலாவி அந்த நேரத்தில் வரைந்துகொண்டது. அதைத் திரையிலிருந்துதான் பிடிக்க முடியும்.

பெரியவர் கேள்விக்கு வருகிறேன். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், நடுவில் அரை மணி. வடகிழக்கே கடலில் இருந்த மழைத்திட்டு அதற்குள் 15 கிலோமீட்டர் நம் பக்கம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். இன்னும் 45 கிலோமீட்டர் பாக்கி என்றால் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. திட்டு வழியிலேயே கரையலாம், திசை மாறலாம், புதிதாக இன்னொன்று முளைக்கலாம். அதனால் மூன்றாவது படத்தையும் பார்க்காமல் நான் வாய் திறப்பதில்லை. வானிலை மையம் கடலுக்குப் போகாதே என்று எச்சரித்திருந்தால் இந்தக் கணக்கே போடுவதில்லை. படத்தைக் காட்டி யாரையும் கடலுக்கு அனுப்பக் கூடாது. இது கரையில் இருப்பவர்கள் வலையை எடுத்து வைக்கவும் கீற்றை இறுக்கிக் கட்டவும் உதவுகிற கணக்கு.

நேரத்தைக் கவனியுங்கள். பல வானிலைப் படங்களில் யுடிசி என்ற உலகப் பொது நேரம்தான் அச்சாகியிருக்கும். அதோடு ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். படத்தில் 00:00 என்று இருந்தால் இங்கே விடியற்காலை 5:30. கோப்பின் பெயரில் நம் நேரமும் படத்துக்குள் யுடிசியும் இருப்பதால், அவசரத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்ள இடமுண்டு. நான் கோப்புறையின் பெயரிலேயே இந்திய நேரம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமானால் பிஎன்ஜி வேண்டாம். கோப்புப் பெயரை ஜேபிஜி என்று முடித்து, க்யூ எழுத்தோடு தரத்தை 60 அளவில் வைத்தால் படம் சிறுத்துவிடும். சிக்னல் மெலிந்த இடத்திலும் போய்ச் சேரும். எண்ணும் எழுத்தும் மங்காமல் இருக்கிறதா என்று ஒரு படத்தைச் செல்பேசியில் திறந்து பார்த்துவிட்டு அந்த அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் விட்டுக்கொடுக்காத ஒரு விதி உண்டு. மையத்துக்கு வருகிறவர்களின் ஆதார், பட்டா, வங்கி விவரம் திறக்கும் கணினியில் தானாகப் படம் பிடிக்கும் கட்டளை எதுவும் ஓடக் கூடாது. அது திரையில் இருப்பது எல்லாவற்றையும் பிடிக்கும், எதை விட வேண்டும் என்று அதற்குத் தெரியாது. இந்த வேலைக்கென்றே ஒதுக்கின கணினியில் மட்டும் ஓடட்டும்.

புதுக் கணினியில் இதைச் செய்கிறவர்களுக்கு ஸ்க்ராட் வெறும் கறுப்புப் படத்தைத் தரலாம். கருவி பழுதில்லை. திரையை வரைந்து காட்டும் பழைய எக்ஸ் முறையில் எந்த நிரலும் முழுத்திரையைப் பார்க்க முடியும். இப்போது பரவியுள்ள வேலண்ட் முறை பாதுகாப்புக்காக அதைத் தடுக்கிறது. ராஸ்பெர்ரி பையின் இயங்குதளமும் 2023-லிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. ஸ்வே, லேப்டபிள்யூசி போன்ற சூழல்களில் கிரிம் என்ற கருவி பிடித்துத் தரும், கட்டம் இழுக்க ஸ்லர்ப் துணை. க்னோமில் கிரிம் ஓடாது, அதற்கு க்னோமின் சொந்தக் கருவிதான். கேடிஇ என்றால் ஸ்பெக்டகிள். எந்த முறையில் இருக்கிறோம் என்று தெரியாவிட்டால், முனையத்தில் எக்ஸ்டிஜி_செஷன்_டைப் என்ற மாறியின் மதிப்பைக் கேளுங்கள். எக்ஸ்11 என்றோ வேலண்ட் என்றோ அது சொன்ன பிறகு கருவியை நிறுவலாம்.