படமும் ஒரு மாதிரியே
சரக்குப் படம் எடுப்பதும் திருத்துவதும் – மளிகை வணிகர்களுக்கு ஒரு பாடம்



மண்டி வியாபாரத்தில் மாதிரி என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டையில் கம்பி குத்தி எடுத்த ஒரு கை சரக்கைக் காகிதத்தில் மடித்து, மேலே ரகமும் தேதியும் எழுதி வாங்குபவருக்குக் கொடுத்தனுப்புவோம். அவர் விரலால் தேய்த்து, முகர்ந்து, வாயில் போட்டுப் பார்த்து விலை பேசுவார். பிறகு வந்து இறங்கும் லோடு அந்த மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் விற்றவர் பொறுப்பு. இது எழுதாத சட்டம்.

இன்று அந்தக் காகிதப் பொட்டலம் இருந்த இடத்தில் செல்போன் படம் வந்து உட்கார்ந்துவிட்டது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எடுத்த படம் அடுத்த நிமிடமே மகாராஷ்டிரத்து வியாபாரியின் கையில் இருக்கிறது. ஆனால் படத்தைத் தேய்த்துப் பார்க்க முடியாது. முகர்ந்து பார்க்க முடியாது. கண் ஒன்றுதான் சாட்சி. அந்தக் கண்ணை ஏமாற்றும் வசதியோ எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. ஆகவே படம் திருத்தும் வித்தையை, அதன் வரம்போடு சேர்த்து, மளிகைக் கடைக்காரரும் கற்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

நிறத்தால் வந்த வினை

நமது பகுதியின் இரண்டு சரக்குகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஜவ்வரிசி, மற்றொன்று வெல்லம்.

சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் 1940களில், இரண்டாம் உலகப் போரால் வெளிநாட்டு வரத்து நின்ற சமயத்தில் தொடங்கியது. உற்பத்தியாளர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981ல் ஏற்பட்டது. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வடநாட்டில் விரத நாட்களில் சமைக்கும் உணவு என்பதால் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களுக்கு நமது சரக்கு போகிறது. மரவள்ளிக் கிழங்கின் தோலைச் சரியாக உரித்து, நல்ல தண்ணீரில் பாலெடுத்துப் படியவைத்தால் மாவு தானே நல்ல நிறமாக இருக்கும். ஆனால் சந்தை கண்ணைப் பறிக்கும் வெண்மையைக் கேட்டது. அதற்காகச் சிலர் ரசாயனம் சேர்க்கப் போக, உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆலைகளில் சோதனையிட்டுச் சரக்கைப் பறிமுதல் செய்த செய்தியைப் பல முறை படித்திருக்கிறோம்.

வெல்லத்தின் கதையும் இதுவே. கரும்புச் சாற்றைக் காய்ச்சினால் வரும் இயல்பான நிறம் பழுப்பு. பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்கு வரும் சிப்பங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தெரியும். வாங்குபவர் மஞ்சள் வெல்லம்தான் வேண்டும் என்றார். ஹைட்ராஸ் வந்தது, சர்க்கரைக் கலப்பும் வந்தது, பின்னாலேயே சோதனையும் வந்தது.

இப்போது படத்துக்கு வருவோம். நல்ல ஜவ்வரிசியைப் படம் எடுத்த ஒருவர், செல்போனில் வெளிச்சத்தைக் கூட்டிப் பால் வெள்ளையாக்கி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு போய் இறங்கியதும் வாங்கியவர், "படத்தில் இருந்த வெள்ளை இல்லையே" என்பார். அடுத்த முறை ஆலைக்காரரிடம் இவர், "இன்னும் வெள்ளையாகக் கொடுங்கள்" என்பார். ஆலைக்காரர் என்ன செய்வார்? விரல் நுனியில் செய்த திருத்தம் கடைசியில் தொட்டியில் விழும் ரசாயனமாக முடிகிறது. இதனால்தான் இதைச் சிறு விஷயம் என்று நாம் ஒதுக்கக் கூடாது என்கிறோம்.

நமது மண்டியிலேயே ஒரு அனுபவம் உண்டு. வெளியூர் வியாபாரி ஒருவர் உருண்டை வெல்லத்தின் படம் அனுப்பினார். பொன் போல் இருந்தது. வந்து இறங்கியதோ நல்ல பழுப்பு வெல்லம். உடைத்துச் சுவைத்தோம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் படத்துக்கும் சரக்குக்கும் இருந்த வித்தியாசம் மனதில் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. பேசி, விலை குறைத்த பிறகே லோடு இறங்கியது. உள்ளதை உள்ளபடி காட்டியிருந்தால் அந்த நயமான சரக்குக்கு உரிய விலை அவருக்குக் கிடைத்திருக்கும். அழகுபடுத்திய படம் அவருடைய நல்ல சரக்கையே கெட்ட சரக்காகக் காட்டிவிட்டது.

கேமராவும் தப்பாகக் காட்டும்

அப்படியானால் படத்தைத் தொடவே கூடாதா? அப்படியும் இல்லை. கேமரா எடுத்துத் தரும் படம் அப்படியே உண்மை என்று எண்ணுவதும் தவறு.

கேமராவின் தானியங்கி அளவு, எதிரில் இருப்பது நடுத்தர வெளிச்சமுள்ள பொருள் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடுகிறது. ஆகவே படம் முழுவதும் வெள்ளை ஜவ்வரிசியாக இருந்தால் அதைச் சாம்பலாக்கிவிடும். கறுத்த வெல்லமோ மிளகோ நிறைந்திருந்தால் அதை வெளிறச் செய்துவிடும். அதோடு, மஞ்சள் பல்பின் கீழ் எல்லாம் மஞ்சளாகவும், நீலத் தார்ப்பாயின் கீழ் எல்லாம் நீலமாகவும் தெரியும். இந்தப் பிழையைச் சரிசெய்வது பொய் அல்ல, உண்மையை மீட்பது. மீட்பதற்கு ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி ஒரு வெள்ளைத் தாள்.

படம் எடுக்கும் முறை

1. கடைக்குள் ஒரு பக்கம் டியூப் லைட், மறு பக்கம் மஞ்சள் பல்பு என்று இருந்தால் அங்கே எடுக்க வேண்டாம். இரண்டு வெளிச்சம் கலந்த படத்தை எந்த மென்பொருளாலும் முழுமையாகத் திருத்த முடியாது. பகலில் வாசல் நிழலுக்குச் சரக்கைக் கொண்டுவாருங்கள். நேர் வெயில் வேண்டாம், பிளாஷும் வேண்டாம்.

2. செல்போன் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். மாவும் எண்ணெயும் பட்ட கை நம்முடையது. பாதிப் படங்கள் மங்குவது இதனால்தான்.

3. பளபளக்கும் எவர்சில்வர் தட்டும், சிவப்பு, நீலப் பிளாஸ்டிக் தட்டும் தங்கள் நிறத்தைச் சரக்கின் மேல் வீசும். சாம்பல் நிறத் துணி விரித்த தட்டு போதும்.

4. சரக்கின் பக்கத்தில், அதே வெளிச்சம் படும்படி, ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள். அதில் ரகமும் தேதியும் எழுதியிருக்கட்டும். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயம் வைக்கலாம். நைலான் ஜவ்வரிசியா, பெரிய ஜவ்வரிசியா என்ற பேச்சுக்கே இடமிராது.

5. குவியலாக ஒன்று, கிட்டத்தில் ஒன்று எடுங்கள். வெல்லம் என்றால் உடைத்த முகத்தையும் எடுங்கள்.

6. செல்போனில் தானாக அழகுபடுத்தும் வசதிகள் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

திருத்தும் முறை

முதலில் படத்துக்கு ஒரு நகல் எடுங்கள். மூலப்படத்தைத் தொடாமல் பத்திரமாக வையுங்கள். நாளை ஒரு தகராறு வந்தால் அதுவே நமக்கு ஆதாரம்.

பிறகு, வேண்டாத ஓரத்தை வெட்டுங்கள். அடுத்து, வெள்ளைச் சமன் என்னும் கருவியைத் திறந்து, அதில் உள்ள சொட்டுக்குழாயால் படத்தில் உள்ள தாளைத் தொடுங்கள். தாள் வெள்ளையாகும், அதோடு சரக்கும் தன் சொந்த நிறத்துக்கு வரும். பின்பு வெளிச்சத்தைத் தாள் வெள்ளையாகத் தெரியும் வரை கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். ஒவ்வொரு மணியும் தனித்தனியே தெரிய வேண்டும். மணிகள் ஒன்றோடொன்று கரைந்து சுண்ணாம்பு பூசியதுபோல் ஆனால் அளவு மீறிவிட்டது என்று பொருள். அங்கே நிறுத்திவிடுங்கள். நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் கருவியைத் தொடவே வேண்டாம்; மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் பொய் சொல்லத் தொடங்குவது அங்கேதான். கடைசியாக, அதே வாசலில் செல்போனைச் சரக்கின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதுத் தாளில் சற்று நீலம் ஓடும். அதன் பக்கத்தில் நல்ல ஜவ்வரிசி மிக இலேசாக மங்கித்தான் தெரியும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அதுதான் அதன் நிறம். வாங்குபவருக்கு அனுப்பும்போது அந்தத் தாளை வெட்டிவிடாதீர்கள். அவருடைய செல்போன் திரை மஞ்சளாக இருந்தாலும், படத்தில் உள்ள தாளோடு ஒப்பிட்டு அவர் சரக்கைப் புரிந்துகொள்வார்.

தட்டின் மேல் விழுந்த தூசியை, பின்னணியில் தெரியும் சாக்கை நீக்கலாம். சரக்கில் இருக்கும் கல்லை, குருணையை, கறுப்பு மணியை நீக்கக் கூடாது. அதைப் புடைத்து நீக்க வேண்டுமே தவிர, படத்தில் நீக்கிப் பயனில்லை. செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் குவியலும் அப்படியே. விளம்பர நோட்டீஸின் பூ, கோலம் போன்ற அலங்காரத்துக்கு அது ஆகும். விற்கும் சரக்கின் படமாக ஆகாது.

என்னென்ன மென்பொருள்

போட்டோஷாப் 1990ல் வெளிவந்தது. வசதிகள் மிகுதி, ஆனால் சந்தா கட்ட வேண்டும். நமது வேலைக்கு அவ்வளவு தேவையில்லை. செல்போனில் ஸ்னாப்சீட் போதும்; காசில்லை, மேலே சொன்ன கருவிகள் எல்லாம் உண்டு. கணினி வைத்திருப்பவர்களுக்கு ஜிம்ப் இருக்கிறது. 1996 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் லெவல்ஸ் என்னும் கருவியில் வெள்ளையைத் தொட்டுக் காட்டும் வசதி உண்டு. லேபிள், சின்னம் போன்றவற்றை வரைய டி.டி.பி. சென்டர்களில் கோரல்டிரா வைத்திருப்பார்கள். அதே வேலைக்கு இங்க்ஸ்கேப் இலவசம். நோட்டீஸ், விலைப்பட்டியல் செய்ய கான்வாவில் ஆயத்த அமைப்புகள் உண்டு.

அச்சுக்குப் போகும்போது

செல்போனில் நன்றாக இருந்த படம் பையில் அச்சானதும் மங்குவது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு நான்கு மையால் காட்டுகிறது. திரையில் பளீரென்ற பச்சையும் ஆரஞ்சும் மையில் அப்படி வராது. ஆகவே திரையைப் பார்த்துச் சம்மதம் சொல்லாமல், ஒரு அச்சு மாதிரி வாங்கிப் பாருங்கள்.

அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 10 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரமுள்ள லேபிளுக்கு 1181க்கு 1772 புள்ளிகள் கொண்ட படம் தேவை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். கடைச் சின்னத்தைக் கோட்டு வடிவில், அதாவது வெக்டாராக, வரைந்து வைத்துக்கொண்டால் பைக்கும் பெயர்ப்பலகைக்கும் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது.

தமிழ் எழுத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய எழுத்துருக்களில் செய்ததை வேறு கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகும். தமிழக அரசு 2010ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நாமும் அதற்கு மாறுவோம். சில மென்பொருள்களில் அமைப்பு சரியில்லாவிட்டால் "கொ" என்ற எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து நிற்கும். அச்சுக்கு முன் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் சரிபார்க்கட்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், எடை, விலை, தேதி, பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம் ஆகியவற்றை அலங்காரம் மறைக்கக் கூடாது.

சட்டமும் உண்டு

இணையத்தில் கிடைக்கும் படம் யாரோ ஒருவர் எடுத்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும். உணவுப் பொருளின் தன்மையையோ தரத்தையோ தவறாக எண்ணச் செய்யும் விளம்பரத்துக்கு, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 53ஆம் பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வேறொருவர் சரக்கின் படத்தைப் போட்டு நமது சரக்கை விற்பதில் இரண்டு ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன.

"செட்டி மிடுக்கா, சரக்கு மிடுக்கா" என்பது பழமொழி. செட்டியின் மிடுக்கு ஒரு லோடு விற்கும். அடுத்த லோடைச் சரக்குதான் விற்க வேண்டும். இந்த வாரம் வரும் சரக்கில் ஒன்றை வாசலுக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் கருவிகள் எங்கே இருக்கின்றன என்று காட்டிக் கொடுப்பார்கள். எங்கே நிறுத்துவது என்பதை நாம் அவர்களுக்குக் காட்டிக் கொடுப்போம்.