பழைய லென்ஸின் பார்வைக் குறையும் பரிகாரமும்

கையால் திருப்பிக் குவியப்படுத்தும் பழைய காமிரா லென்ஸ்கள் இப்போது மீண்டும் புழக்கத்திற்கு வந்துள்ளன. வீட்டுப் பெட்டியில் கிடந்த லென்ஸும், பழைய பொருள் கடையில் வாங்கிய லென்ஸும் ஓர் இணைப்பு வளையத்தின் உதவியால் இன்றைய மின்னணுக் காமிராக்களில் பொருந்திவிடுகின்றன. ஆனால் படம் மங்கலாக விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? "பழசு, கெட்டுவிட்டது" என்று ஒதுக்கி வைக்கிறோம். அல்லது திருப்புளியை எடுத்துப் பிரிக்கத் தொடங்குகிறோம். முதல் வழியில் நல்ல லென்ஸ் வீணாகிறது; இரண்டாம் வழியில் நல்ல லென்ஸ் பழுதாகிறது. பழுது எங்கே இருக்கிறது என்பதை லென்ஸைத் திறக்காமலே பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். அதற்கு வேண்டிய அறிவு, இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் குவிவில்லையின் குவியத் தூரம் காணும்போது நாம் படித்த பாடமே ஆகும்.

வில்லைச் சமன்பாடு கூறுவது

50 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஈறிலாத் தொலைவில் உள்ள பொருளின் பிம்பம் லென்ஸிலிருந்து சரியாக 50 மி.மீ. தூரத்தில் விழும். பொருள் 10 மீட்டரில் இருந்தால் பிம்பத்தின் தூரம் 50.25 மி.மீ. ஆகும், 1 மீட்டரில் இருந்தால் 52.63 மி.மீ. ஆகும். லென்ஸின் வளையத்தைத் திருப்பும்போது நாம் செய்வதெல்லாம், வில்லைத் தொகுதியைத் திருகு மரையின் வழியே இந்தச் சிறு அளவுக்கு முன்னும் பின்னும் நகர்த்துவதுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈறிலாத் தொலைவுக்கும் 10 மீட்டருக்கும் இடையே உள்ள வேறுபாடு கால் மில்லிமீட்டர் மட்டுமே. லென்ஸ் இருக்க வேண்டிய இடத்திற்குக் கால் மில்லிமீட்டர் முன்னே தள்ளி அமர்ந்துவிட்டால், வளையத்தைக் கடைசிவரை திருப்பினாலும் 10 மீட்டருக்கு அப்பால் உள்ள மலையும் கோபுரமும் தெளியா. குறை கண்ணாடியில் இல்லை, இருப்பிடத்தில் இருக்கிறது.

நிலவைக் கொண்டு ஒரு சோதனை

ஈறிலாத் தொலைவுக்கு நிலவு நல்ல எடுத்துக்காட்டு. காமிராவை முக்காலியில் நிறுத்தி, லென்ஸின் ஒளித்துளையை முழுவதும் திறந்துவைத்து நிலவைப் பார்க்க வேண்டும். துளையை ஏன் முழுவதும் திறக்க வேண்டும்? 35 மி.மீ. பிலிமில் 0.03 மி.மீ. அளவு மங்கலைக் கண் பொறுத்துக்கொள்ளும் என்று கொண்டால், எஃப் 2 துளையில் ஏறத்தாழ 0.06 மி.மீ. பிழைக்கே இடமுண்டு, எஃப் 16-இல் 0.48 மி.மீ. வரை இடமுண்டு. ஆகவே சிறு துளையில் கால் மில்லிமீட்டர் பழுது மறைந்துகொள்ளும். பெரிய துளையில் வெளிப்பட்டுவிடும். "பகல் வெளிச்சத்தில் நன்றாக எடுக்கிறது, அறைக்குள் மட்டும் மங்குகிறது" என்று சிலர் வியப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்னணுக் காமிராவாயின் திரையில் பிம்பத்தைப் பெருக்கிப் பார்க்கலாம். பிலிம் காமிராவாயின், பிலிமை எடுத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து, ஷட்டரை 'பி' நிலையில் திறந்து வைத்து, பிலிம் ஓடும் தண்டவாளத்தின்மீது தேய்த்த கண்ணாடித் துண்டின் தேய்த்த பக்கத்தை லென்ஸை நோக்கி வைத்தால் பிம்பம் அதில் விழும். அதைக் கைலென்ஸால் பார்க்க வேண்டும். சோதனையின் முடிவு மூன்று வகைப்படும்.

முதலாவது, காமிராவின் பார்வைச் சாளரத்தில் நிலவு தெளிவாகவும் பிலிம் தளத்தில் மங்கலாகவும் இருத்தல். இது லென்ஸின் குற்றமன்று. காமிராவின் உள்ளே இருக்கும் கண்ணாடியோ குவியத்திரையோ இடம் பெயர்ந்திருக்கிறது.

இரண்டாவது, வளையம் 10 மீட்டர்க் குறியில் நிற்கும்போதே நிலவு தெளிந்து, ஈறிலாக் குறியில் மங்குதல். லென்ஸ் பிலிமுக்கு அருகே அமர்ந்துள்ளது. தூர அளவுகோல்தான் பொய் சொல்கிறது. படம் எடுக்கத் தடையில்லை. நீள்குவிய லென்ஸ்கள் பலவற்றில், வெப்பத்தால் உலோகம் விரிவதைக் கருதி, இந்த மிகுதியை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். அதைத் திருத்தப் போகக்கூடாது.

மூன்றாவது, வளையம் கடைசிவரை சென்றும் நிலவு தெளியாமை. லென்ஸ் பிலிமிலிருந்து விலகி அமர்ந்துள்ளது. இங்கும் லென்ஸைத் திறக்குமுன் இணைப்பு வளையத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

இணைப்பு வளையத்தின் கணக்கு

லென்ஸ் வந்து அமரும் முகப்பிலிருந்து பிலிம் தளம் வரை உள்ள தூரம் காமிராவுக்குக் காமிரா மாறும். 1949 வாக்கில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரக் காமிராக்களில் வழக்கத்திற்கு வந்ததும், 1957-இல் ஆசாகி பென்டாக்ஸ் மேற்கொண்டதும், பின்னர் சோவியத் செனிட் காமிராக்களில் இடம்பெற்றதுமான எம்-42 மரைக்கு இத்தூரம் 45.46 மி.மீ. ஆகும். 1959-இல் வந்த நிக்கான் எஃப் அமைப்பில் அது 46.5 மி.மீ.; 1987-இல் வந்த கேனான் இ.எஃப். அமைப்பில் 44 மி.மீ.

எம்-42 லென்ஸை நிக்கானில் பொருத்தினால் வளையத்தின் தடிப்பைக் கணக்கில் சேர்க்காமலே 1.04 மி.மீ. விலகிவிடும். 50 மி.மீ. லென்ஸுக்குக் கணக்கிட்டுப் பார்த்தால், சுமார் 2.45 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளியாது. எந்தத் திருகைத் திருப்பியும் பயனில்லை. திருத்த வில்லை பதித்த வளையங்கள் உண்டு. அவை தூரக் குறையைப் போக்கினாலும் தெளிவைச் சற்றே குறைக்கும். கேனானிலோ 1.46 மி.மீ. தடிப்புள்ள வளையத்திற்கு இடம் இருக்கிறது. லென்ஸ் குறையின்றி வேலை செய்யும். ஒரே லென்ஸ் ஒரு காமிராவில் "கெட்டது" என்றும் மற்றொன்றில் "நல்லது" என்றும் பெயர் வாங்குவது இவ்வாறுதான்.

திருத்தும் முறை

வளையமும் காமிராவும் சரியாக இருந்து, குறியும் நிலவும் மட்டும் பொருந்தாவிட்டால் திருத்தம் எளிது. ஹீலியோஸ் 44-2 போன்ற பல லென்ஸ்களில் குவிய வளையத்தை மூன்று சிறு பக்கத் திருகுகள் மரையோடு பிணைத்திருக்கும். அவற்றை அரைச் சுற்றுத் தளர்த்தி, நிலவு தெளியும் இடத்தில் மரையை நிறுத்தி, வளையத்தை மட்டும் ஈறிலாக் குறிக்குத் திருப்பி, திருகுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்க வேண்டும். திருப்புளியின் முனை திருகின் பள்ளத்தில் அசையாமல் பொருந்த வேண்டும். இல்லையேல் பள்ளம் சிதையும்.

வளையம் இறுகிக் கிடந்தால், அது கிரீஸ் காய்ந்ததன் விளைவு. தையல் இயந்திர எண்ணெயை விடுவது பெருந்தவறு. எண்ணெய் கசிந்து ஒளித்துளையின் தகடுகளில் படிந்து அவற்றை ஒட்டவைத்துவிடும். பழைய கிரீஸைத் துடைத்துக் களைந்து, புதியதை மெல்லியதாகப் பூசுவதே முறை. இதற்காக மரைகளைப் பிரிக்கும்போது, அவை ஒன்றைவிட்டு ஒன்று விடுபடும் இடத்தைக் கோடிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இம்மரைகளுக்குத் தொடக்கங்கள் பல. தவறான தொடக்கத்தில் பூட்டினாலும் மரை அழகாக ஓடும். ஆனால் ஈறிலாத் தொலைவு கிட்டாது. முன்பு யாரோ பிரித்துப் பூட்டிய லென்ஸ்களில் இக்குறையை முதலில் தேடலாம்.

திருகுக்கு அடங்காத குறைகளும் உள்ளன. படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கினால், கீழே விழுந்து வில்லை சாய்ந்திருக்கக்கூடும். நடுவில் தெளிந்து சுற்றிலும் குழம்பினால், ஒரு வில்லை தலைகீழாகப் பூட்டப்பட்டிருக்கலாம். எல்லாத் தூரத்திலும் ஒன்றுபோல் வெளிறினால் அது பூஞ்சையோ படலமோ ஆகும். முதற்குறையைத் தக்க கருவியுள்ள தொழிலாளியிடம் விடுவதே நன்று.

ஆய்வுக்கூடத்தில் முள்ளையும் திரையையும் நகர்த்தி, பதிவேட்டில் எழுதி, மதிப்பெண் வாங்கியதோடு அந்தச் சமன்பாட்டை நாம் மறந்துவிடுகிறோம். அதே சமன்பாடு, எறியப்பட இருந்த ஒரு லென்ஸை மீட்டுத் தருகிறது. முதலில் அளந்து பார்ப்போம். பிறகு திருப்புளியைத் தேடுவோம்.