சனிக்கிழமையைத் தாண்டி யோசிப்பது

திருப்பூரில் ஜாப் ஒர்க் தையல் யூனிட் நடத்துகிறவரிடம், "மூணு வருஷம் கழிச்சு என்ன செய்யறதா உத்தேசம்?" என்று கேட்டுப் பாருங்கள். "மொதல்ல இந்தச் சனிக்கிழமை தாண்டட்டுங்க" என்பார். விளையாட்டுப் பேச்சில்லை அது. இங்கே பெரும்பாலும் வாரக் கூலி. டெய்லர், கைமடி, செக்கிங், அயர்ன் என்று அத்தனை பேருக்கும் சனிக்கிழமை சாயங்காலம் பணம் எண்ணிக் கொடுத்தாக வேண்டும். தைத்துக் கொடுத்த சரக்குக்குக் கம்பெனியிலிருந்து பணம் வர மாசக்கணக்கில் ஆகும். நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்புவதிலேயே முதலாளியின் புத்தி தீர்ந்துபோகிறது. வியாழக்கிழமையே யாரிடம் புரட்டலாம் என்ற கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்.

ஆகவே தொழிலின் எதிர்காலத்தை யோசிக்க நேரமே கிடைப்பதில்லை என்று யாராவது சொன்னால், நான் கூலிப் பணத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். நேரமில்லை என்கிற பலருக்கு உண்மையில் இல்லாதது கையிருப்பு. என் அனுபவத்தில் பெரிய மாற்றம் கொண்டுவந்தது டைரியோ செயலியோ அல்ல, தனியாக ஒரு வங்கிக் கணக்குதான். பில் பணம் வரும்போதெல்லாம் நூற்றுக்கு மூன்று ரூபாய் அதில் போட்டேன். இரண்டு வாரக் கூலி சேர்ந்த பிறகு வியாழக்கிழமை வயிற்றுக் கலக்கம் நின்றது. யோசிக்க உட்கார முடிந்ததே அதற்குப் பிறகுதான்.

வரவேண்டியதை வேகப்படுத்துவதும் இதோடு சேர்ந்ததே. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியில் ஒரு விதி இருக்கிறது. பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தரவேண்டிய தொகையை, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் இல்லாவிட்டால் 15 நாளிலும் கொடுத்துவிட வேண்டும். தவறினால், பணத்தை எந்த வருஷம் கொடுக்கிறார்களோ அந்த வருஷத்தில்தான் செலவாகக் காட்டலாம். உத்யம் பதிவு எண்ணை பில்லில் அச்சடித்துக் கொடுங்கள். சண்டை போடத் தேவையில்லை. கம்பெனியின் கணக்குப் பிரிவு மார்ச்சுக்கு முன்னால் தானாகவே உங்களைக் கூப்பிடும்.

அடுத்த எதிரி, போன். ஒரு வாரம் வந்த அழைப்புகளையெல்லாம் எழுதி வைத்துப் பார்த்தேன். "அண்ணா, பட்டன் இன்னும் வரலீங்க." "அண்ணா, கட்டிங் பீஸ் குறையுதுங்க, நிறுத்திரலாங்களா?" "வண்டியை அனுப்பிரட்டுங்களா?" பெரும்பாலும் இந்த மூன்றுதான், சுற்றிச் சுற்றி வந்தன. மூன்றுக்குமே என்னைவிட சூப்பர்வைசர் அக்காவுக்கு நல்ல பதில் தெரியும். முடிவெடுக்கும் உரிமை மட்டும் அவரிடம் இல்லை. ஊசி, நூல், பெல்ட் போன்றவற்றுக்கு ஐயாயிரம் ரூபாய் வரை கேட்காமல் வாங்கலாம், சலான் சரியாக இருந்தால் வண்டியை அனுப்பிவிடலாம் என்று எழுதியே கொடுத்தேன். முதல் மாதம் சில்லறைச் செலவு கொஞ்சம் கூடியது. கூடட்டும். ஒரு நாளில் எனக்குத் திரும்பக் கிடைத்த நேரத்துக்கு அது மலிவான விலை.

எந்த நாளில் உட்காருவது என்பது ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். ஞாயிறு லீவ்தானே என்று பலர் அதைச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை உடம்பு ஓய்வைத்தான் கேட்கும். வீட்டிலும் ஆள் வேண்டும். திங்கட்கிழமை பாதி லைன் காலியாகக் கிடக்கும், அன்று ஆள் பிடிக்கவே சரியாக இருக்கும். எனக்கு ஒத்துவந்தது புதன்கிழமை காலை, எட்டரை மணி ஷிப்டுக்கு முந்தைய ஒன்றரை மணி நேரம். யூனிட்டில் உட்காரக் கூடாது. அங்கே ஒரு மெஷின் சத்தம் மாறினாலும் காது அந்தப் பக்கம் போய்விடும்.

உட்கார்ந்து என்ன யோசிப்பது? ஐந்தாண்டுத் திட்டத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. அது வங்கிக்கு லோன் மனுவோடு கொடுப்பதற்கு. இந்த ஊரில் பனியன் தொழிலின் கூலி ஒப்பந்தமே நான்கு வருஷத்துக்குத்தான் போடுகிறார்கள். ஒரு புதன்கிழமைக்கு ஒரே ஒரு கேள்வி எடுத்துக்கொண்டால் போதும். மெஷின்களில் எவை எப்போது மாற்ற வேண்டி வரும்? ஒரு கம்பெனி வேலையை நிறுத்தினால் எத்தனை வாரம் தாங்குவேன்? அந்தக் கம்பெனியின் சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது? கடைசிக் கேள்வியை ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் கேட்பதே இல்லை, ஏற்றுமதி நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, அமெரிக்க ஆர்டரை மட்டும் தைத்துக்கொண்டிருந்த யூனிட்காரர்களுக்குச் சம்பந்தம் புரிந்தது.

வரி திடீரென்று வந்தது, சரி. ஆனால் இந்த ஊரின் பெரிய அடி திடீரென்று விழவில்லை. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலக்கக் கூடாது, கழிவே வெளியேறாத முறைக்கு மாற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2006இல். சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது 2011 ஜனவரியில். இடையில் நான்கு வருஷத்துக்கு மேல் ஓடியது. வழக்கு நடப்பது டீக்கடையில் கூடத் தெரியும். தெரிந்தும் அவரவர் ஷிப்மெண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டறை மூடியதும் சாயம் போட்ட துணி இல்லாமல் தையல் யூனிட்டுகளும் படுத்தன. வரப்போவது முன்கூட்டியே தெரிகிற விஷயங்கள்தான் என் புதன்கிழமைப் பட்டியலில் முதலில் வருகின்றன. இப்போது அதில் மேலே இருப்பது, தைக்கிற துணி காட்டனிலிருந்து பாலியஸ்டருக்கு மாறுவது. காட்டனிலேயே பழகிய கைகளுக்கு அந்த வழுக்கும் துணியைத் தைக்கப் பழக எவ்வளவு நாள் பிடிக்கும், ஊசியிலிருந்து எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்பதைப் பழைய மெஷின் ஒன்றில் சாம்பிள் தைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வருஷத்துக்கு ஒருமுறை நீளமாக உட்கார நல்ல சமயம், தீபாவளி முடிந்த வாரம். ஆட்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், மெஷின்கள் நிற்கும், கம்பெனியிலிருந்தும் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆடிட்டரை மார்ச் கடைசியில் பார்த்தால் முடிந்துபோன வருஷத்துக்குத்தான் கணக்குப் பேசலாம். இந்த வாரத்தில் பார்த்தால் மெஷின் வாங்குவதா, கடனை அடைப்பதா என்று வரப்போவதைப் பேசலாம். தீபாவளி அக்டோபரில் வந்துவிட்டால் மட்டும் அவருக்கு ரிட்டர்ன் கடைசித் தேதி கழுத்தைப் பிடிக்கும். அந்த வருஷம் அவரோடான சந்திப்பை மட்டும் கார்த்திகைக்குத் தள்ளிக்கொள்வேன்.