ஊசி மீனும் கொளத்து மீனும்

அன்னூரில் ஞாயிற்றுக்கிழமை மீன்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்.

“ஏனுங்கண்ணா, இது ஊசி போட்ட மீனுங்களா?”

“அட இல்லீங்க்கா, கொளத்து மீனுங்க.”

அந்த அக்கா நிம்மதியாக ஒரு கிலோ ரோகு வாங்கிப் போகிறார். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கொளத்து ரோகுவின் தாய்க்கும் பெரும்பாலும் ஊசி போட்டிருப்பார்கள். ஊசி போட்டது தாய்க்கு, சட்டிக்கு வருவது பிள்ளை. குழப்பமெல்லாம் இந்த இடத்தில்தான்.

அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர் வர வழி பிறந்தது. தண்ணீர் நின்றால் மீன்குஞ்சு விடுகிற பேச்சு வரும், பின்னாலேயே ஊசிப் பேச்சும் வரும்.

ரோகு, கட்லா, மிர்கால் மூன்றும் வடக்கத்தி ஆறுகளின் கெண்டை மீன்கள். மழைக்காலத்தில் புதுவெள்ளம் கரையேறிப் பரவும் இடத்தில்தான் முட்டையிடும். குளத்தில் வளர்த்தால் சினை பிடிக்கும், வயிறு உப்பும், முட்டை மட்டும் விடாது. வெள்ளம் வந்த சேதி மூளைக்குப் போய்ச் சேராததுதான் காரணம். அதனால் அந்தக் காலத்தில் ஆற்றில் வலைகட்டிக் குஞ்சு பிடித்தார்கள். அதில் குஞ்சைத் தின்னும் மீனின் குஞ்சும் கலந்தே வரும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் கூட்டாளிகளும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டையை முட்டையிட வைத்தார்கள். ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினமானது இதனால்தான். ஆனால் அந்தச் சுரப்பியை மீன்தலையைப் பிளந்து, கடுகளவாகப் பொறுக்கி, ஆல்கஹாலில் போட்டு வைக்கவேண்டும். ஒன்றின் வீரியம் இன்னொன்றுக்கு இருக்காது.

செயற்கை மருந்து அந்தத் தலைவலியைத் தீர்த்தது. மூளை பிட்யூட்டரிக்கு அனுப்பும் தூது ஹார்மோன், பத்தே அமினோ அமிலம் கோத்த ஒரு சின்னச் சரம். அதன் அமைப்பைக் கண்டுபிடித்த ஷால்லியும் கில்லமினும் 1977இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். சால்மன் மீனிடம் உள்ள சரத்தை, சீக்கிரம் சிதையாதபடி கொஞ்சம் மாற்றிச் செய்ததுதான் ஓவாப்ரிம் போன்ற மருந்துகளில் இருப்பது. அது மட்டும் போதாது. கெண்டையின் பிட்யூட்டரிக்கு டோபமைன் என்னும் ரசாயனம் பிரேக் போட்டபடி இருக்கும். அதையும் விடுவித்தால்தான் வேலை நடக்கும் என்று 1980களில் காட்டியவர்கள் சீனாவின் லின் ஹாவ்ரானும் கனடாவின் ரிச்சர்ட் பீட்டரும். பிரேக்கை எடுக்க மருந்தில் சேர்ப்பது டோம்பெரிடோன், வாந்திக்கு டாக்டர் எழுதித்தரும் அதே சரக்கு.

சாயங்காலம் தாய் மீனை ஈரத்துணியில் அணைத்து, செதிலுக்கு அடியில் ஊசியைச் சாய்த்துக் குத்துவார்கள். ஆணுக்கு அளவு குறைவு. பிறகு தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடும் வட்டத் தொட்டியில் விடுவார்கள். மீனுக்கு அது ஆறு. விடியும்முன் வாலடிக்கிற சத்தம் கேட்கும். காலையில் பார்த்தால் தொட்டி நிறைய ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி முட்டை.

“அந்த ஹார்மோன் நம்ம வயித்துக்குத்தானே வரும்?” மூன்று கிலோ ரோகுவுக்குக் கிலோவுக்கு 0.4 மில்லி ஓவாப்ரிம் என்று கணக்குப் போட்டால் 1.2 மில்லி. மில்லிக்கு 20 மைக்ரோகிராம் ஹார்மோன், ஆக மொத்தம் 24. அந்த மீன் இடுவது ஐந்தாறு லட்சம் முட்டை. அத்தனையும் முட்டைக்குள் போனதாகவே வைத்துக்கொள்வோம், பங்கு பிரித்தால் என்ன மிஞ்சும்? அந்த முட்டையில் ஒன்று பொரித்து, மாதக்கணக்கில் வளர்ந்துதான் தராசுக்கு வருகிறது. அது கொழுகொழுவென்று இருப்பது தவிட்டாலும் கடலைப் புண்ணாக்காலும். சினை முற்றாத மீனுக்கு ஊசி போட்டால் முட்டையும் வராது, மருந்துக் காசுதான் நட்டம்.

பயத்துக்குக் கொஞ்சம் நியாயம் உள்ள இடம் ஜிலேபி மீன். அதற்கு முட்டையிட ஊசியே வேண்டாம். வாயில் குஞ்சு அடைகாத்துக் குளத்தையே நிரப்பிவிடும், அதுதான் தொல்லை. எல்லாம் ஆணாக வேண்டும் என்று சில பொரிப்பகங்களில் குஞ்சுத் தீவனத்தில் மெத்தில் டெஸ்டோஸ்டீரோனை மூன்று நான்கு வாரம் கலக்கிறார்கள். அது ஸ்டீராய்டு, மேலே சொன்ன சரத்துக்கு உறவே இல்லை. மாதங்கள் கழித்துச் சட்டிக்கு வரும் மீனில் அது கழிந்துபோயிருக்கும். நான் கவலைப்படுவது வெறுங்கையால் தீவனம் பிசைகிறவரையும், தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரையும் பற்றித்தான்.

புளியம்பட்டி வழியாகப் பவானிசாகர் போய், ஆக்ஸிஜன் அடைத்த பையில் குஞ்சு வாங்கி வருபவர் ஊசியைப் பற்றிக் கேட்கவேண்டாம். தாய் மீனை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள், ஆணும் பெண்ணும் ஒரே வம்சமா, கட்லாவையும் ரோகுவையும் ஒரே தொட்டியில் விடுகிறீர்களா என்று கேட்கலாம். இரண்டும் கலந்தால் பிறக்கும் கலப்பு மலடு அல்ல. ரோகு என்று நம்பி அதையே அடுத்த வருஷம் தாயாக்கினால், பிறகு வருவது ரோகுவும் இல்லை, கட்லாவும் இல்லை.